சென்ட் வாசனை சொல்லாத சேதி



நம்ம பக்கத்துக் கிராமங்களில் ஒரு கூரை வீடு திடீரென்று மாடி வீடாக எழும்பினால், "அந்த வீட்டுப் பையன் எந்த நாட்டுல இருக்கான்?" என்பதுதான் முதல் கேள்வி. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களுக்கு இது பழகிப்போன கதை. இன்றைக்கு எறையூரைச் சுற்றி எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு சவூதிக்காரர், ஒரு துபாய்க்காரர், ஒரு சிங்கப்பூர்க்காரர் கிடைப்பார். 2015-ல் எடுத்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, ஏறக்குறைய 22 லட்சம் தமிழ்நாட்டார் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. கடைசி செமஸ்டரில் நிற்கும் நம்மில் பலர் அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டப் போகிறவர்கள்தான்.

ஆனால், அந்த வாழ்க்கையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? சற்றே யோசித்துப் பாருங்கள். சென்ட் பாட்டில் தெரியும். கோடாலித் தைலம் தெரியும். பேரீச்சம்பழம், பால் பவுடர், சுருட்டி வைத்த பளபளப்புக் கம்பளி தெரியும். கயிறு கட்டி, பெயர் எழுதி, ஏர்போர்ட்டிலிருந்து வேன் மேல் வரும் அட்டைப்பெட்டி தெரியும். பெட்டிக்குள் வராத சேதி ஒன்று இருக்கிறதே, அது தெரியுமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போவது தப்பே இல்லை. தெரியாமல் போவதுதான் தப்பு. போய் வந்தவர்கள் சொல்லாமல் மறைப்பதும், போகப் போகிற நாம் கேட்காமல் விடுவதும் அதைவிடப் பெரிய தப்பு.

ஏன் சொல்வதில்லை?

என் சித்தப்பா பதினோரு வருஷம் சவூதியில் இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாச லீவில் வருவார். வந்தால் ராஜா! பெரம்பலூருக்குக் கார் வைத்துப் போவார். கல்யாண வீட்டில் மொய் ஆயிரத்துக்குக் குறையாது. அங்கே அவர் எட்டுப் பேர் தங்கும் அறையில் மேல் கட்டிலில் படுத்திருந்தார் என்பது, அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கே தெரிந்தது.

"ஏன் சித்தப்பா ஒரு தடவைகூட சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா உங்க அப்பாயி சோறு திங்குமா? அதுவும் போக, சொல்லி என்னடா ஆவப்போவுது, கடன்தான் குறையுமா?" என்றார்.

இதுதான் நிலைமை. ஒரு பக்கம் சென்ட் பாட்டில். இன்னொரு பக்கம் 2024-ல் வந்த ஆடுஜீவிதம் படம் காட்டிய பாலைவன ஆட்டுப்பட்டி. நமக்குத் தெரிந்த வெளிநாடு இந்த இரண்டுதான். டிப்ளமா முடித்துவிட்டுப் போகிறவனின் வாழ்க்கை பெரும்பாலும் இரண்டிலும் இல்லை, நடுவில் இருக்கிறது. அதில் கொள்ளையும் கிடையாது, கொடுமையும் கிடையாது. தினசரி சின்னச் சின்ன ஆச்சரியமும் எரிச்சலும்தான் உண்டு. ஒன்று ஒன்றாகப் பார்த்தால் சிரிப்பு வரும். மொத்தமாகச் சேர்ந்தால் மனுஷனை அரித்துவிடும். அந்த நடுவாந்திரக் கதையைத்தான் எங்கள் தெரு அண்ணன்மாரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு மறுபடியும்!

இறங்கியவுடன் முதல் அடி எண்ணில் விழுகிறது. நாம் எழுதும் 1, 2, 3-ஐ உலகம் முழுக்க அரபி எண் என்கிறது. ஆனால் அரபு நாட்டில் கடைப் பலகையிலும் வண்டி நம்பரிலும் இருப்பது வேறு. அங்கே ஐந்து நம்ம பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும். பூஜ்யம் வெறும் புள்ளி. ஆறு அச்சு அசல் நம்ம ஏழு மாதிரி! எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். எண் மட்டும் நம்ம மாதிரி இடமிருந்து வலமாக. பஸ் நம்பர் பார்க்கத் தெரியாமல் டிப்ளமா ஃபர்ஸ்ட் கிளாஸ் ரோட்டில் நிற்கும்.

அந்த ரோட்டைக் கடப்பதும் ஒரு வித்தை. வளைகுடா முழுக்க வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. இருபது வருஷம் வலது பக்கம் பார்த்துக் கால் வைத்துப் பழகியவனுக்கு, வண்டி இடது பக்கத்திலிருந்து வரும். "மொத மாசம் ரெண்டு பக்கமும் பாத்துட்டு, அப்புறம் மேலயும் பாத்துட்டுத்தான் போவேன்" என்றார் ஓர் அண்ணன்.

வேலைக்குள் நுழைந்தால் நம் படிப்புக்கும் பரீட்சை வருகிறது. மின்னியல் நண்பர்களே, நம்ம லேபில் 4 போல் மோட்டாருக்கு சிங்க்ரனஸ் வேகம் 1,500 ஆர்.பி.எம். என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே அதே மோட்டாருக்கு 1,800! எங்கள் மெக்கானிக்கல் ஆட்களுக்கும் விடுதலை இல்லை. நாம் மூன்று வருஷம் மில்லிமீட்டரில் படித்தோம். எண்ணெய் கம்பெனி வேலையில் பைப் இன்ச்சில் வரும், பிரஷர் பி.எஸ்.ஐ.யில் வரும், விதிப் புத்தகம் ஏ.எஸ்.எம்.இ., ஏ.பி.ஐ. என்று அமெரிக்காவிலிருந்து வரும். படித்தது வீணில்லை. ஆனால், படித்ததை மொழிபெயர்த்துக்கொள்ள முதல் மூன்று மாசம் போய்விடும் என்கிறார்கள். அந்த மூன்று மாசம்தான் புரொபேஷன் காலம் என்பதை மறக்காதீர்கள்.

மொழி விஷயம் இன்னும் வேடிக்கை. அரபி தெரியாதே என்று பயந்து போனவனுக்கு அங்கே தேவைப்படுவது இந்தி! ஃபோர்மேன் பாகிஸ்தான்காரர், ஸ்டோர் கீப்பர் மலையாளி, டிரைவர் வங்கதேசத்துக்காரர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஓடுவது ஒருவகை உடைந்த இந்தி. இந்தி வேண்டாம் என்று போராடிய மண்ணிலிருந்து போனவன், ஆறே மாசத்தில் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டு, மலையாளத்தில் சமாதானம் ஆகிறான். ஊருக்கு வந்து அம்மாவிடம் "கானா ஆயிடுச்சா?" என்று கேட்டவரும் எங்கள் தெருவில் உண்டு.

சோறு, தண்ணி, கட்டில்

கம்பெனி "தங்குமிடம் இலவசம்" என்று எழுதிக் கொடுக்கும். அந்த இலவசத்துக்கு அர்த்தம் ஒரு கட்டில், சில இடத்தில் மேல் கட்டில். பகல் ஷிஃப்ட்காரன் தூங்கும்போது நைட் ஷிஃப்ட்காரன் அலாரம் அடிக்கும். ஒருத்தனுக்கு ஏ.சி. பதினெட்டில் வேண்டும், இன்னொருத்தனுக்கு இருபத்தாறில் வேண்டும். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், உள்ளே ரிமோட்டுக்குக் குடுமிப்பிடி!

தண்ணீர் கதையைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். கோடையில் மொட்டைமாடித் தொட்டி காய்ந்து, பச்சைத் தண்ணீர்க் குழாயில் கொதிக்கக் கொதிக்க வரும். அதனால் அங்குள்ளவர்கள் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, அறைக்குள்ளே இருக்கும் ஹீட்டர் டேங்கில் தேங்கி ஆறிய தண்ணீரில் குளிக்கிறார்கள். சுடுதண்ணிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர், பச்சைத் தண்ணிக் குழாயில் சுடுதண்ணீர். இதை எந்தப் புத்தகம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

வெயில் மட்டும்தான் என்று நினைத்துப் போகிறவனைக் குளிரும் பிடிக்கும், மழையும் பிடிக்கும். சவூதியின் வடக்கே தபூக் பக்க மலைகளில் சில வருஷம் பனியே விழுகிறது. 2024 ஏப்ரல் 16-ஆம் தேதி ஐக்கிய அரபு எமிரேட்ஸில் 75 ஆண்டுகளில் காணாத மழை கொட்டி, துபாய் விமான நிலையமே தண்ணீரில் நின்றது. நம்ம ஊரில் மானாவாரிக் காட்டுக்கு மழை வராதா என்று வானத்தைப் பார்க்கிறோம். அங்கே வானத்தைப் பார்க்காமல் வேலை செய்தவனின் பெட்டி படுக்கையெல்லாம் மிதந்தது.

சாப்பாட்டில் குப்பூஸ் ரொட்டி காப்பாற்றும். மலிவு, வயிறு நிறையும். ஆனால் மூணாம் மாசம் ரசத்துக்கு நாக்கு ஏங்கும். மெஸ்ஸில் முறை வைத்துச் சமைப்பார்கள். வீட்டில் தட்டைக்கூட நகர்த்தி வைக்காத பிள்ளை, இருபது பேருக்குச் சாம்பார் வைக்கிற ஆளாகிவிடும். இதில் எனக்கு மகிழ்ச்சிதான். நம்ம வீட்டு அம்மாக்களின் வேலை என்ன என்பது ஆம்பளைப் பிள்ளைக்குப் புரிய ஓர் அரபிக்கடல் தாண்ட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

இங்கே ஓர் எச்சரிக்கை. பாசத்தோடு அம்மா அரைத்துக் கொடுக்கும் குருமாப் பொடியில் கசகசா இருக்கும். நம்ம ஊர் மளிகைக் கடையில் தாராளமாகக் கிடைக்கிற அந்தக் கசகசா சவூதியில், எமிரேட்ஸில், சிங்கப்பூரில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிற சமாச்சாரம். ஏர்போர்ட்டில் பிடித்தால் அம்மாவின் பாசம் என்று விட மாட்டார்கள். வலி மாத்திரை, இருமல் மருந்து சிலவும் அப்படியே. டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை அட்டையைப் பெட்டியில் போடாதீர்கள். பக்கத்து வீட்டார் "எங்க பையன்கிட்ட குடுத்துடு தம்பி" என்று தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

கடிகாரம் இரண்டு, காலண்டர் இரண்டு

சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். துபாய் ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். கணக்கு சின்னதுதான். ஆனால் சவூதியில் ஒருவன் டியூட்டி முடிந்து குளித்துச் சாப்பிட்டு ராத்திரி ஒன்பதுக்குப் போன் போட்டால் இங்கே பதினொன்றரை. பிள்ளைகள் தூங்கியிருக்கும். எமிரேட்ஸில் இன்னொரு கூத்து. வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகும், பேச்சு மட்டும் போகாது. வாட்ஸ்அப் அழைப்புக்குப் பல ஆண்டுகளாகத் தடை. உரிமம் பெற்ற வேறு செயலியில்தான் பேச வேண்டும்.

வார விடுமுறையும் இடம் மாறும். சவூதியில் முன்பு வியாழன், வெள்ளி என்றிருந்தது 2013-ல் வெள்ளி, சனி ஆனது. எமிரேட்ஸ் அரசு 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது. இதெல்லாம் ஆபீசுக்கு. சைட்டில் நிற்பவனுக்குப் பெரும்பாலும் வாரம் ஒருநாள்தான். அந்த ஒருநாளும் துணி துவைக்கவும் பணம் அனுப்பவும் சரியாகப் போய்விடும்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். எமிரேட்ஸில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். சவூதியிலும் அதே மூன்று மாசம், 12 முதல் 3 வரை. ரமலான் மாதத்தில் எமிரேட்ஸில் எல்லா மதத்தாருக்கும் தினம் இரண்டு மணி வேலை குறையும். சித்திரை வெயிலில் நம்ம ஊர்க் கட்டடத்தில் கம்பி கட்டுகிற தாத்தாவுக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தீபாவளிக்கு அரசு விடுமுறை. போர்டில் தமிழைப் பார்த்ததும் நம்ம ஊர் மாதிரியே இருக்கும். அதனாலேயே அடி பலமாக விழும் என்கிறார்கள். அதே தமிழ் ஊரில் வேலைக்காரன் லாரியின் பின்னால் உட்கார்ந்து சைட்டுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் ஊர்க்காரனைப் பார்த்தால்தான் அந்த வாரம் முடிகிறது. மொழி ஒன்றுதான், ஆனால் பெர்மிட் வேறு. வெளியூர்க்காரன் என்பதைத் தமிழிலேயே உணர்கிற ஊர் அது.

இந்தச் சின்ன எரிச்சல்களுக்கு நடுவே ஒரு பெரிய நாள் வரும். ஊரில் ஒரு சாவு. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தன் அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்த்தது செல்போனில்தான். பாடையைத் தூக்கும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. லீவு எழுதி, பேப்பர் போட்டு, டிக்கெட் எடுத்து வருவதற்குள் பதினாறாம் நாள் காரியமே வந்துவிட்டது. இதை நான் எழுதுவது அழவைக்க அல்ல. போகும்போது இந்த விலையும் கணக்கில் இருக்கிறது என்று சொல்லத்தான்.

டிராயிங் பார்க்காமல் ஜாப் போடாதே!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வொர்க்‌ஷாப்பில் இரும்பை வைஸில் கட்டுவதற்கு முன் டிராயிங்கைப் பார்க்கிறோம். அளவு தப்பினால் ஒரு துண்டு இரும்புதான் போகும். வாழ்க்கையை வைஸில் கட்டும்போது மட்டும் டிராயிங் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறோம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். அவர்கள் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்களின் வேலை ஒப்பந்தத்தை அரசு அதிகாரி பார்ப்பார். 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்குப் பிரீமியம் ரூ.275தான்.

நாம் டிப்ளமா. பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். நமக்கு அந்த முத்திரை கிடையாது, அனுமதி தேவையில்லை. "எனக்கு ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட்டு மச்சான்!" என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு இன்னொரு பக்கம் உண்டு. நம் ஒப்பந்தத்தைப் பார்க்க இடையில் ஒருவரும் கிடையாது. படித்தவனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும் என்று அரசு நினைக்கிறது. நாம் காத்துக்கொள்கிறோமா?

போன மாசம் என்னிடமே ஓர் ஏஜென்ட் பேசினார். பெயர் வேண்டாம். ரூ.1,40,000 கேட்டார். "விசாவுல என்ன வேலைன்னு போட்டிருக்கும் சார்?" என்றேன். "லேபர்னுதான் இருக்கும். அங்க போயி டெக்னீஷியன்னு மாத்திக்கலாம் தம்பி." "ரசீது குடுப்பீங்களா?" "அட, நம்பிக்கைதானப்பா எல்லாம்!" அப்பா கொஞ்சம் சலனப்பட்டார். அம்மாவின் செயினை அடகு வைக்கலாம் என்று பேச்சு. நான் இன்னும் ஒரு பைசா கட்டவில்லை. ஏன் தெரியுமா? பதிவு பெற்ற ஏஜென்ட், அரசு விதிப்படி, ரூ.30,000-மும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் அதிகபட்சம் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். பதிவு பெற்றவர் பட்டியல் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் இருக்கிறது. தேடிப் பார்த்தேன், அவர் பெயர் அதில் இல்லை.

விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. சவூதியில் 2021 மார்ச்சிலிருந்து தனியார் நிறுவனத் தொழிலாளி, ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்டு, ஸ்பான்சரின் சம்மதம் இல்லாமலே வேலை மாறவும் ஊர் வந்து திரும்பவும் வழி வந்தது. ஆனால் வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் அப்போது அதில் சேர்க்கப்படவில்லை. டிப்ளமா படித்தவன் 'எப்படியாவது போனால் போதும்' என்று டிரைவர் விசாவில் போனால், சட்டம் கொடுத்த கதவும் அவனுக்குத் திறக்காது. 'ஆசாத் விசா' என்று ஒன்றை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அப்படி ஒரு விசா எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. ஒருவர் பெயரில் விசா, வேறொருவரிடம் வேலை. பிடிபட்டால் இருவருமே கை கழுவிவிடுவார்கள்.

சம்பளத்திலும் சூட்சுமம் உண்டு. எமிரேட்ஸில் வேலை முடிந்து திரும்பும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கு. 'பேசிக்'கைக் குறைத்து, 'அலவன்ஸை' ஏற்றி ஒப்பந்தம் போட்டால், மாசச் சம்பளம் அதேதான், கடைசியில் வரும் பணம் பாதியாகிவிடும். மொத்தத் தொகையை ரூபாயாக்கிப் பெருக்கிப் பார்த்து மயங்குகிற நாம், பிரித்துப் போட்டிருக்கிற வரியைப் படிப்பதில்லை.

சான்றிதழும் லேசுப்பட்டதில்லை. 2018-ல் குவைத் அரசு, என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்களுக்குத்தான் பொறியாளர் அனுமதி புதுப்பிக்கப்படும் என்ற நிலையை எடுத்தபோது, பல வருஷம் அங்கே வேலை பார்த்த நம் நாட்டுப் பொறியாளர்கள் திகைத்து நின்றார்கள். இங்கே கல்லூரியில் சேரும்போது நம்மில் எத்தனை பேர் அந்த மூன்றெழுத்தைக் கேட்டோம்?

பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சேர்ந்த அன்றே கம்பெனி அதை வாங்கிப் பெட்டியில் பூட்டும் பழக்கம் பல இடத்தில் உண்டு. சவூதி, எமிரேட்ஸ், கத்தார் சட்டங்களே அதைத் தடை செய்திருக்கின்றன. நம் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டால் திருப்பித் தருகிற கம்பெனிகளும் உண்டு. தெரியாதவன் கேட்கவே மாட்டான்.

'இலவசத் தங்குமிடம்' என்ற வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கிய கட்டடத்தில் தீப்பிடித்தது. 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் சுமந்து வந்தது. அவர்களில் 7 பேர் தமிழகத்தவர். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் சாகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த இடத்தில் செத்தார்கள். ஓர் அறைக்கு எத்தனை பேர், வெளியேற எத்தனை வழி என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை நண்பர்களே!

அப்படியென்றால் போகாதே என்கிறாயா?

இல்லை. "சொந்த மண்ணில் கஞ்சி குடித்தாலும் போதும்" என்று மேடையில் பேசுவது எளிது. அப்படிப் பேசுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதிக் கதை முடிந்துவிடும். நம்ம மண் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரி மண். மழை ஏமாற்றினால் அப்பாவின் வருஷமே போய்விடும். எறையூரில் பொதுத்துறை சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆனால் கரும்பு வரும் மாதங்களில்தான் அதற்கு உயிர். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகள் இருக்கின்றன. உள்ளே நிரந்தர வேலை எத்தனை பேருக்கு? 2019 விதிப்படி டிப்ளமா அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் ரூ.8,000 என்று வைத்தார்கள். தங்கச்சி கல்யாணக் கடனுக்கு அந்தத் தொகை வட்டிக்குக் காணுமா?

2022 நவம்பரில் எறையூரிலேயே சிப்காட் தொழிற்பூங்கா திறந்து, காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். நல்ல சேதி. உள்ளூரில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால் குப்பூஸ் தின்ன யாருக்கு ஆசை? அதற்காகக் குரல் கொடுப்போம். அதுவரை போகிறவனைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. சித்தப்பாவின் பதினோரு வருஷத்தில் இரண்டு அத்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது, நான் படித்தேன், கூரை மாடியானது. அந்த மேல் கட்டிலின் மேல்தான் எங்கள் வீடு நிற்கிறது.

ஆனால் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். அனுப்புகிறவன் ஏ.டி.எம். மெஷின் இல்லை. சம்பளம் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அவன் உள்ளதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் லீவில் வரும்போது "என்ன கொண்டு வந்தே?" என்று கேட்பதற்கு முன் "எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். பெருமைக்காக அவன் பொய் சொல்ல வேண்டிய அவசியத்தை நாம்தான் உண்டாக்குகிறோம். அந்தப் பொய்யை நம்பித்தான் அடுத்த பையன் செயினை அடகு வைக்கிறான்.

என்ன செய்யலாம்?

கேரளம் 1996-லேயே வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கு நோர்க்கா என்று தனித் துறை வைத்துவிட்டது. நம் மாநிலத்திலும் இன்று அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஆள் எடுத்து அனுப்ப அரசின் சொந்த நிறுவனமே 1978 முதல் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெருமுனை ஏஜென்ட்டின் போன் நம்பர் எல்லோருக்கும் தெரியும்!

நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். வருஷா வருஷம் விளையாட்டு விழா வைக்கிறோம், கலை விழா வைக்கிறோம். இறுதியாண்டு மாணவர்களுக்காக ஒரே ஒரு நாள், போய் வந்த நம் பழைய மாணவர்களை அழைத்து வைத்து, உள்ளதை உள்ளபடி பேசச் சொல்வோம். மாலை மரியாதை வேண்டாம், சால்வை வேண்டாம். ஒரு பழைய ஒப்பந்தப் பத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, வரி வரியாக விளக்கச் சொல்வோம். அரபி எண் பத்தும் அரை மணியில் கற்றுக்கொள்ளலாம். பேச்சு இந்தியும் இங்கிலீஷும் ஒரு செமஸ்டரில் ஓரளவு பழகலாம்.

அதுவரை, யார் விசா என்று வந்தாலும் இந்த ஐந்து கேள்வியைக் கேளுங்கள்:

1. ஏஜென்ட் பதிவு பெற்றவரா? ரசீது உண்டா?
2. விசாவில் எழுதியுள்ள வேலையும் நான் செய்யப்போகும் வேலையும் ஒன்றா?
3. பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, ஓவர்டைம் எப்படி?
4. அறைக்கு எத்தனை பேர்? சாப்பாடு யார் பொறுப்பு?
5. அவசரத்துக்கு ஊர் வர டிக்கெட்டும் அனுமதியும் யார் தருவார்?

ஐந்துக்கும் எழுத்தில் பதில் வந்தால் தைரியமாகப் போங்கள். ஒன்றுக்காவது "அங்க போயி பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால், இங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களே! கடல் தாண்டுவதில் நமக்குப் பயமில்லை. தமிழன் பாய்மரம் கட்டிய காலத்திலிருந்தே தாண்டியவன்தான். பாய்மரக்காரனும் காற்றின் திசை கேட்டுத்தான் புறப்பட்டான். நாமும் கேட்டுப் புறப்படுவோம். போகிறவன் தெரிந்து போகட்டும். வந்தவன் உள்ளதைச் சொல்லட்டும். அடுத்த வருஷ மலரில் நம்மில் ஒருவன் அக்கரையிலிருந்து ஒரு கடிதம் எழுதட்டும். அதில் சென்ட் வாசனை வேண்டாம், உண்மை வாசனை வரட்டும்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், எறையூர்